துறவியின் மூலிகைத் தோட்டமும் புனிதையின் ஊற்றும்

இங்கிலாந்தின் மேற்கெல்லையில், வேல்ஸ் நாட்டு மலைகள் தொடங்குவதற்குச் சற்று முன்னர், செவர்ன் என்னும் ஆறு குதிரை லாடம்போல வளைந்து ஓடுகிறது. அவ்வளைவுக்குள் மேட்டு நிலத்தில் அமைந்திருக்கும் பழம்பெரும் நகரம் ஷ்ரூஸ்பரி. ஆற்றைக் கடந்து கிழக்கே சென்றால் வழியோரத்தில் செந்நிறக் கற்களால் ஆன ஒரு பெரிய ஆலயம் நிற்கிறது. புனித இராயப்பர், சின்னப்பர் பெயரால் 1083ஆம் ஆண்டில் ரோஜர் தெ மாண்ட்கோமரி என்னும் நார்மன் பிரபு நிறுவிய ஆசீர்வாதப்பர் சபை மடத்தின் ஆலயம் அது. வாளேந்தி வாழ்ந்த அப்பிரபு, இறப்பதற்குச் சிறிது முன்னர் தாமும் துறவாடை பூண்டு, 1094இல் அம்மடத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டுகள் அங்கே துறவியரின் மன்றாட்டு ஓயாது ஒலித்தது. எட்டாம் ஹென்றி மன்னன் நாடெங்கும் மடங்களைக் கலைத்தபோது, 1540இல் இம்மடமும் மூடப்பட்டது. ஆலயத்தின் நடுக்கூடம் மட்டும் ஊர் மக்களின் பங்கு ஆலயமாய்ப் பிழைத்தது. இன்று அது ஆங்கிலிக்கன் திருச்சபையினர் வசம் இருக்கிறது. பருத்த உருண்டைத் தூண்கள், மங்கிய ஒளி, காலடி ஓசையை வாங்கித் திருப்பித் தரும் கல்தளம் இவையெல்லாம் அப்படியே இருக்கின்றன. துறவியர் உறங்கிய கூடமும் உண்ட அறையும் உலாவிய முற்றமும் போய்விட்டன. அவற்றில் மீந்திருந்தவற்றையும் பின்னர்ப் பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டின் நெடுஞ்சாலை ஊடறுத்துச் சென்றது. உணவறையில் துறவியர் உண்ணும்போது ஒருவர் நின்று திருநூல் வாசித்த கல்மேடை மட்டும் சாலைக்கு அப்பால், கேட்பாரின்றித் தனியே நிற்கிறது. வண்டிகள் அதன் அருகே விரைகின்றன. எனக்கென்னவோ ஆலயத்தைவிட அக்கல்மேடையே அதிகம் பேசுவதாகத் தோன்றிற்று.

இவ்வூருக்கு ஆண்டுதோறும் வரும் பயணிகளில் பலர் வரலாற்றுப் பற்றினால் வருவதில்லை, பக்தியினாலும் வருவதில்லை. ஒரு கதை மாந்தரைத் தேடி வருகிறார்கள்! ஷ்ரோப்ஷயரில் பிறந்து அங்கேயே வாழ்ந்து மறைந்த எடித் பார்ஜிடர் (1913-1995) என்னும் அம்மையார், எல்லிஸ் பீட்டர்ஸ் என்ற புனைபெயரில் 1977 முதல் 1994 வரை இம்மடத்தையே களமாகக் கொண்டு 20 துப்பறியும் புதினங்களை எழுதினார். அவற்றின் தலைவர் சகோதரர் காட்ஃபேல், வேல்ஸ் நாட்டவர். இளமையில் முதலாம் சிலுவைப் போருக்குச் சென்று, பின் மாலுமியாகத் திரிந்து, உலகத்தைக் கண்டு களைத்த பிறகு மடம் புகுந்து மூலிகைத் தோட்டம் வளர்ப்பவர். மடத்திலோ ஊரிலோ ஒருவர் வஞ்சகமாய்க் கொல்லப்பட்டால், மருந்தும் நஞ்சும் அறிந்த இத்துறவி உண்மையைத் துருவிக் கண்டுபிடிக்கிறார். அம்மையாரும் இளமையில் ஒரு மருந்துக் கடையில் பணிபுரிந்தவர். ஆகவே கதையில் வரும் களிம்புகளும் கஷாயங்களும் வெறுங்கற்பனை அல்ல. 1994 முதல் இக்கதைகள் டெரெக் ஜாக்கோபி என்னும் புகழ்மிகு நடிகரைக் கொண்டு தொலைக்காட்சித் தொடராக வந்தபின் பயணிகள் பெருகினர். அத்தொடரின் பெரும்பகுதி ஹங்கேரி நாட்டில் எடுக்கப்பட்டது என்பதை அறிந்தபோது ஷ்ரூஸ்பரிக்காரர்கள் என்ன எண்ணினார்களோ! ஆயினும் அம்மையாரை அவர்கள் மறக்கவில்லை. புனித ஆசீர்வாதப்பரைச் சித்திரிக்கும் வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஒன்றை அவர் நினைவாக மட ஆலயத்தில் நிறுவியிருக்கிறார்கள்.

கோடை மாதமொன்றில், அப்பகுதிப் பங்கு ஒன்றின் குரு விடுமுறையில் சென்றிருந்தபோது அவருக்குப் பதிலாகப் பணியாற்ற அழைக்கப்பட்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை அப்பங்கு மக்கள் சிற்றுந்து ஒன்றில் ஷ்ரூஸ்பரி மடத்தைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வடக்கே வேல்ஸ் நாட்டிலுள்ள ஹோலிவெல் திருத்தலத்துக்குச் சென்றனர். பதினாறு பேர்; பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள். நம்மூர்த் திருயாத்திரை வண்டி எனில் செபமாலையும் பாட்டும் புளிச்சோற்றுப் பொட்டலமும் நினைவுக்கு வரும். இவர்களும் செபமாலை சொன்னார்கள். அது முடிந்த மறுகணமே பைகளிலிருந்து வெளிவந்தவை பழைய புதினங்களும் நிழற்படங்களும்! "இதை வாசித்துவிட்டீர்களா? இல்லையென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்; முடிவை மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்" என்று இருக்கைக்கு இருக்கை நூல்கள் கைமாறின. கதை நிகழும் ஊருக்கு விடுமுறையில் சென்று வந்தவர்கள், எடுத்த படங்களை நூலோடு சேர்த்தே காட்டினார்கள். பெரும்பாலோர் கைப்பேசியில் காட்ட, முதியவர் ஒருவர் மட்டும் தாளில் அச்சிட்டு ஒட்டிய படத்தொகுப்பை மடியில் வைத்திருந்தார்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஜோசஃபின் டே எழுதிய 'காலத்தின் மகள்' என்னும் நூலை என்னிடம் நீட்டினார். 1951இல் வெளிவந்த அந்நூலில், மருத்துவமனையில் படுத்த படுக்கையாயிருக்கும் காவல் அதிகாரி ஒருவர், மூன்றாம் ரிச்சர்டு மன்னன் தன் அண்ணன் மக்களாகிய இரு சிறுவரைக் கொன்றது மெய்தானா என்று ஏடுகளைக் கொண்டே விசாரிக்கிறார். எழுந்து நடக்கவும் இயலாத துப்பறிவாளர்! ஆசிரியர் காட்டிய படமோ லெஸ்டர் நகரத்துப் பேராலயத்தில் உள்ள அம்மன்னனின் கல்லறை. 1485இல் போர்க்களத்தில் மாண்ட அவனை அந்நகரத்துப் பிரான்சிஸ்கன் துறவியர் தம் ஆலயத்தில் ஆரவாரமின்றிப் புதைத்தனர். அம்மடமும் பின்னர் இடிக்கப்பட்டு, காலப்போக்கில் அவ்விடம் வண்டிகள் நிறுத்தும் தளமாயிற்று. 2012இல் அத்தளத்தைத் தோண்டி எலும்புகளைக் கண்டெடுத்தனர்; 2015இல் முறையாக அடக்கம் செய்தனர். அதையொட்டி, லெஸ்டரிலுள்ள நம் திருச்சிலுவை ஆலயத்தில் கர்தினால் வின்சென்ட் நிக்கல்ஸ் அம்மன்னனின் ஆன்ம இளைப்பாற்றிக்காகத் திருப்பலி நிறைவேற்றினார். எலும்புகள் அவன் முதுகு வளைந்திருந்ததையும் அவன் பட்ட காயங்களையும் சொல்லின. அச்சிறுவர்களுக்கு நேர்ந்தது என்ன என்பதை மட்டும் சொல்லவில்லை.

மற்றொருவர் இத்தாலியில் தூரின் நகருக்கு அருகே மலையுச்சியில் நிற்கும் புனித மிக்கேல் மடத்தின் படத்தைக் காட்டினார். உம்பர்த்தோ எக்கோ 1980இல் வெளியிட்ட 'ரோஜாவின் பெயர்' என்னும் புதினத்துக்குத் தூண்டுதலாய் அமைந்தவற்றுள் ஒன்று என்று பேசப்படும் மடம் அது. 1327ஆம் ஆண்டில் ஒரு மடத்தில் அடுத்தடுத்து நிகழும் கொலைகளைப் பிரான்சிஸ்கன் துறவி ஒருவர் ஆராயும் கதை. கற்றறிந்தோர் வாசிக்கத்தக்க நூல். ஆயினும் இதைக் குடும்பத்தார் அனைவரும் கூடி வாசிக்கும்படி நான் பரிந்துரைக்கமாட்டேன். இதனை ஒட்டி 1986இல் வந்த திரைப்படத்தில் பெர்னார்டு கி என்னும் விசாரணையாளர் மக்கள் சீற்றத்துக்கு ஆளாகி மடிவதாகக் காட்டுகிறார்கள். மெய்யான பெர்னார்டு கி, தொமினிக்கன் சபைத் துறவி. லொதேவ் மறைமாவட்டத்தின் ஆயராயிருந்து 1331இல் காலமானவர். இதை நான் சொன்னபோது வண்டியில் சிலருக்கு ஏமாற்றமே! வில்லன்கள் நன்முறையில் மரிப்பதை வாசகர் விரும்புவதில்லைபோலும்.

இப்பதினாறு பேரில் தமிழர் ஒருவரும் இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக் கடலோர ஊரில் பிறந்து, செவிலியராக அங்கே பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி வரும் சகோதரி. "சாமி, நம்ம நாட்டுக் கதையையும் இவங்களுக்குச் சொல்லணும்ல?" என்று என்னைக் கேட்டுவிட்டு, அவரே 'பொன்னியின் செல்வன்' கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டார். பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டான். கொன்றவர் யார் என்ற கேள்வி ஆயிரம் ஆண்டுகளாக நிற்கிறது என்றதும், வண்டி முழுதும் அவர் பக்கம் திரும்பிற்று. அவருடைய கைப்பேசியில், விடுமுறையில் ஊருக்கு வந்தபோது காட்டுமன்னார்கோயில் சென்று எடுத்த படம் இருந்தது. அங்குள்ள உடையார்குடிக் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகளாக ரவிதாசன் உள்ளிட்ட உடன்பிறந்தாரைக் குறிப்பிட்டு, அவர்களுடைய உடைமைகளைப் பறிமுதல் செய்ததைப் பதிவு செய்கிறது. இராசராச சோழனின் இரண்டாம் ஆட்சியாண்டுக்குரியது அது. "அப்படியானால் கொலைகாரர் யார் என்று கல்லிலேயே எழுதியிருக்கிறதே! பிறகென்ன மர்மம்?" என்றார் ஆசிரியர். "கத்தியைப் பிடித்த கை எதுவென்று கல் சொல்கிறது, ஏவியவர் உண்டா என்பதைச் சொல்லவில்லை" என்று சகோதரி மறுமொழி கூறினார். ஆசிரியர் தம் குறிப்பேட்டில் கல்கியின் பெயரை எழுதிக்கொண்டார்.

பேச்சு மீண்டும் ஷ்ரூஸ்பரிக்கு வந்தது. காட்ஃபேல் வரிசையின் முதல் நூல், ஆங்கிலத் தலைப்பைத் தமிழில் சொல்வதானால், 'எலும்புகள்மீது ஒரு விபரீத ஆசை'. அதன் அடிப்படை மெய்யான வரலாறு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெருமடங்கள் யாவும் ஏதேனும் ஒரு புனிதரின் திருப்பண்டங்களைக் கொண்டிருந்தன. ஷ்ரூஸ்பரி மடத்துக்கு அவ்விதம் புகழ் தரும் புனிதர் இல்லை. எனவே மடத்தின் துணைத்தலைவராயிருந்த ராபர்ட் என்பவர், 1137-38ஆம் ஆண்டளவில் வேல்ஸ் நாட்டு மலைக்கிராமமாகிய க்விதெரினுக்குச் சென்று, அங்கே அடக்கம் செய்யப்பட்டிருந்த புனித வினிபிரெட் என்னும் கன்னியின் எலும்புகளைத் தோண்டியெடுத்துத் தம் மடத்துக்குக் கொண்டுவந்தார். அப்புனிதையின் வரலாற்றையும் இடமாற்றத்தையும் அவரே இலத்தீனில் எழுதி வைத்தார். உள்ளூரில் எதிர்ப்பு எழுந்ததை அந்நூலும் மறைக்கவில்லை. புதினத்திலோ, எதிர்த்தவர் ஒருவர் கொல்லப்பட்டுக் கிடக்கிறார், காட்ஃபேல் துப்பறிகிறார். முடிவை நானும் சொல்லப்போவதில்லை.

நூலைப் பற்றி வண்டியில் கடும் வாதம் எழுந்தது. முதிய கைம்பெண் ஒருவர், தம் கணவர் விட்டுச் சென்ற இருபது நூல்களையும் மூன்று முறை வாசித்தவர், "அந்த ராபர்ட் ஒரு செருக்கர், ஏழை ஊராரின் புனிதையைத் திருடியவர்" என்றார். படத்தொகுப்பு வைத்திருந்த முதியவரோ, "கொண்டுவந்திராவிட்டால் அப்புனிதையை உலகம் அறிந்திருக்குமா?" என்று கேட்டார். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னது இதுதான்: ராபர்ட்டைச் செருக்கராகக் காட்டுவது புதின ஆசிரியரின் உரிமை, அதற்கு வரலாற்றுச் சான்று உண்டு என்று நாம் நம்பிவிடலாகாது. ஆனால் ஊராரின் துயரம் கற்பனையன்று. நம் மறவநாட்டு ஓரியூரிலிருந்து யாரேனும் அதிகாரம் படைத்தவர் வந்து, "இந்தச் செம்மண்ணை வண்டியிலேற்றிப் பெருநகருக்குக் கொண்டுபோகிறோம், அங்கே இதற்குத் தக்க மரியாதை கிடைக்கும்" என்று சொன்னால், அவ்வூர்க்காரர் என்ன சொல்வார்கள்? புனிதர் திருச்சபை முழுமைக்கும் உரியவர் என்பது மெய். அவர் வாழ்ந்து மரித்த மண்ணில் அவருடைய நிழலில் பிழைத்த எளியவர்களைக் கேளாமலே அவரைப் பெயர்த்தெடுப்பதும் பக்தி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதியவர் ஒன்றும் சொல்லாமல் தம் தொகுப்பைப் புரட்டி ஒரு படத்தைக் காட்டினார். அது க்விதெரின் கல்லறைத் தோட்டம். வயது கணிக்க அரிய பெரிய யூ மரங்களும், வரிசையாய் நட்ட நான்கு சிறு கற்களும் தெரிந்தன. அவற்றுள் ஒன்றில் பழைய இலத்தீன் எழுத்து. ஷ்ரூஸ்பரியில் புனிதையின் பேழை 1540ஐ ஒட்டி அழிக்கப்பட்டு, எலும்புகள் சிதறிப்போயின. பேழைக்குரியது எனக் கருதப்படும் செதுக்குக் கல் ஒன்றே மட ஆலயத்தில் எஞ்சியிருக்கிறது. பெருமடம் போயிற்று, சிற்றூரின் மரங்கள் நிற்கின்றன. கைம்பெண் அப்படத்தை நெடுநேரம் கையில் வைத்திருந்தார்.

வரிசையின் இரண்டாம் நூலை எனக்குக் கொடுத்தவர் செவிலியர் சகோதரி. 'ஒரு பிணம் அதிகம்' என்பது தலைப்பின் பொருள். 1138இல் ஸ்டீபன் மன்னன் ஷ்ரூஸ்பரிக் கோட்டையை முற்றுகையிட்டுப் பிடித்து, காவல் வீரர்களைத் தூக்கிலிட்டான். இது வரலாறு. கதையில் தூக்கிலிடப்பட்டோர் 94 பேர். அவர்களுக்குக் கிறிஸ்தவ அடக்கம் செய்யும் பொறுப்பை ஏற்ற காட்ஃபேல் எண்ணிப் பார்க்கும்போது உடல்கள் 95! தண்டனை பெற்றோர் நடுவே, கொலை செய்த தன் கையை மறைக்க, யாரோ ஒருவன் ஓர் உடலைப் போட்டுவிட்டான். அத்தனை பேர் மடிந்த இடத்தில் ஒருவர் கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று அதிகாரிகள் எண்ணுகிறார்கள். துறவி விடவில்லை. அந்த ஒருவனுக்கும் பெயர் உண்டு, அவனுக்கும் நீதி வேண்டும் என்று நிற்கிறார்.

"இதை 2020லே, ராத்திரி டியூட்டியிலே வாசிச்சேன் சாமி" என்றார் சகோதரி. கொள்ளை நோய்க் காலத்தில் அவர் பணியாற்றிய வார்டில் உறவினர் எவரும் நோயாளியருகே நிற்க அனுமதியில்லை. இறுதிச் சடங்குக்கு வருவோரின் எண்ணிக்கையும் மிகக் குறைக்கப்பட்டிருந்தது. காலையில் ஒரு கணக்கு, மாலையில் ஒரு கணக்கு என்று இறந்தோர் தொகையைத் தொலைக்காட்சி சொல்லிக்கொண்டிருந்தது. "அங்கே நம்பர்தான் சாமி. நான் மட்டும் ஒரு சின்ன நோட்டிலே பேரை எழுதி வச்சேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டுப் போனவங்க பதினொரு பேர். அதிலே ரெண்டு பேர் பேரு எழுதுறதுக்குள்ளே ஷிஃப்ட் மாறிப்போச்சு. படுக்கை எண்தான் இருக்கு." அதே மாதத்தில் ஊரில் அவருடைய தந்தை இறந்திருக்கிறார். விமானங்கள் நின்றுவிட்ட காலம். மண்ணள்ளிப் போட மகள் வரவில்லை. இவற்றை அவர் அழாமல் சொன்னார். அதுவரை பேசிச் சிரித்துக்கொண்டிருந்த வண்டியில் யாரும் எதுவும் பேசவில்லை. நூலை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

நண்பகலுக்கு முன்னர் ஹோலிவெல் வந்து சேர்ந்தோம். ஊரின் பெயருக்கே புனிதக் கிணறு என்று பொருள். வேல்ஸ் மொழியில் திரெஃபின்னோன், அதாவது ஊற்றூர். ஏழாம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்த வினிபிரெட் என்னும் கன்னியை, அவள் தன் இச்சைக்கு இணங்காததால் காரடோக் என்ற பிரபு வாளால் வெட்டினான். தலை விழுந்த இடத்தில் ஊற்று பீறிட்டது. அவளுடைய மாமனாகிய புனித பெய்னோ மன்றாட, அவள் உயிர் பெற்று எழுந்து, பின் க்விதெரினில் துறவியர்க்குத் தலைவியாய் வாழ்ந்து மரித்தாள் என்பது மரபு வழி வந்த வரலாறு. ஊற்றின் கற்களில் காணும் செந்நிறத் திட்டுகளை அவள் சிந்திய குருதி என்று மக்கள் போற்றி வந்தார்கள். அது ஒருவகைப் பாசியின் நிறம் என்று தாவர நூலார் விளக்குவர். 1693இல் புனித அருளானந்தர் தலை கொடுத்த ஓரியூரின் செம்மணலை நெற்றியில் பூசி வளர்ந்த நமக்கு, அம்மக்களின் மனம் எளிதில் விளங்கும்.

ஊற்றின்மேல் கட்டியிருக்கும் கல்மண்டபம், ஏறத்தாழ 1500ஆம் ஆண்டளவில், ஏழாம் ஹென்றியின் தாயாகிய மார்கரெட் போஃபோர்ட் அம்மையாரின் ஆதரவில் எழுந்தது என்பர். நட்சத்திர வடிவத் தொட்டியில் நீர் ஊறி, அதன்மேல் விசிறிபோல் விரியும் கல்விதானம் கவிந்திருக்கிறது. மேலே ஒரு சிற்றாலயம். தொட்டியிலிருந்து வழியும் நீர், முன்புறத்தில் திருப்பயணிகள் இறங்கும் நீள்குளத்தில் நிறைகிறது. அதனடியில் புனித பெய்னோவின் கல் என்று ஒன்று உண்டு. அதன்மேல் முழந்தாளிட்டு வேண்டுவது வழக்கம். சுவர்களில் நூற்றாண்டுக் கணக்காய் நன்றி செலுத்தியோர் பொறித்த பெயரெழுத்துகளைக் காணலாம். நலம் பெற்றோர் விட்டுச் சென்ற ஊன்றுகோல்களும் உண்டு.

இவ்விடத்தின் தனிச்சிறப்பு வேறு. சீர்திருத்தக் காலத்தில் பிரித்தானிய நாட்டின் திருத்தலங்கள் ஒவ்வொன்றாய் அழிந்தபோது, இங்கே மட்டும் திருப்பயணம் அறுபடவேயில்லை. கத்தோலிக்கக் குருவாய் இருப்பதே மரண தண்டனைக்குரிய குற்றமாயிருந்த நாள்களில், இவ்வூரில் இரண்டு சத்திரங்கள் மறைவிடங்களாய்ப் பயன்பட்டன. ஒன்றில் இயேசு சபையாரும் மற்றொன்றில் மறைமாவட்டக் குருக்களும் சத்திரக்காரர் வேடத்தில் தங்கித் திருப்பலி நிறைவேற்றினர். 1629ஆம் ஆண்டுப் புனிதையின் திருநாளன்று ஆயிரத்து நானூறு பேருக்கு மேல் கூடினர் என்றும், அவர்களுள் நூற்றைம்பது குருக்கள் இருந்தனர் என்றும் அரசின் ஒற்றர் எழுதியனுப்பினர். இப்பகுதியில் பணியாற்றிய புனித ஜான் பிளெசிங்டன் 1679இல் செஸ்டர் நகரில் கொல்லப்பட்டார். ஒற்றர், மாறுவேடம், மறைவறை, காட்டிக்கொடுத்தல் என்று புதினத்துக்கு வேண்டிய யாவும் இங்கே உண்மையிலேயே நிகழ்ந்திருக்கின்றன. ஷ்ரூஸ்பரியில் கதையைத் தேடும் பயணிகளுள் பலர் இவ்வளவு அருகிலுள்ள இவ்வூருக்கு வராமலே திரும்பிவிடுகிறார்கள் என்று காவலர் ஒருவர் வருந்தினார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1917இல் அருகிலிருந்த சுரங்கங்களின் நீரை வடிக்க நிலத்தடியில் வாய்க்கால் வெட்டியபோது, ஊற்று திடீரென்று வறண்டுபோயிற்று. பின்னர் அவ்வாண்டிலேயே மற்றொரு நிலத்தடி நீரோட்டத்தைத் திருப்பிவிட்டார்கள். இன்று வருவது பழைய வேகத்தின் ஒரு சிறு பகுதியே. "அப்படியானால் இது அதே தண்ணீர்தானா?" என்று ஆசிரியர் என் காதருகே கேட்டார். மன்றாடுவோர் அதே மன்றாட்டுடன்தான் வருகிறார்கள் என்றேன். அவர் ஒப்புக்கொண்டாரா என்பது முகத்தில் தெரியவில்லை.

வழியெல்லாம் படம் எடுத்தவர்கள் குளத்தருகே வந்ததும் கைப்பேசிகளை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். நோயாளிகள் நீரில் இறங்கும் இடத்தில் படம் எடுப்பது தகாது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நம் திருத்தலங்களில் கொடியேற்றத்தன்று மொட்டை போடும் குழந்தையின் அழுகையையும் தேரடியில் மயங்கி விழுந்தவரையும் விடாமல் படம் பிடிப்போர் இதைக் கவனிக்கலாம். நீர் கொடுங்குளிர். மும்முறை நீரைக் கடந்து செல்வது பழைய வழக்கம். சகோதரி, முதிய கைம்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மூட்டுவலிக்காரராகிய அந்த அம்மையார் இரண்டாம் முறையோடு போதும் என்றுவிட்டார். மூன்றாம் முறை சகோதரி தனியே சென்று, கல்லின்மேல் முழந்தாளிட்டு, கழுத்தளவு நீரில் சிறிது நேரம் இருந்தார்.

பிற்பகல் இரண்டு மணிக்கு அவ்வூர்ப் பங்கு ஆலயத்தில் எங்களுக்காகத் திருப்பலி. பலிக்கருத்துகளைக் கேட்டபோது சகோதரி அச்சிறு நோட்டைத் தந்தார். தந்தையின் பெயரையும் வார்டில் இறந்த ஒன்பது பேரின் பெயர்களையும் வாசித்தேன். மீதி இருவருக்காகப் படுக்கை எண்களை வாசித்தேன். அவர்களுள் கத்தோலிக்கர் எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் பாதிப் பேர் உறங்கிவிட்டனர். கைம்பெண் க்விதெரின் படத்துக்கு ஒரு படி வேண்டும் என்று முதியவரிடம் சொல்லி வைத்தார். ஆசிரியர், கல்கியின் நூலுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டா, எத்தனை பாகம் என்று விசாரித்தார். மூலம் ஐந்து பாகம் என்றதும் சற்றே திகைத்து, குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்கிறேன் என்றார். என்னிடமிருந்த நூலை அடுத்த புதனுக்குள் முடித்து, பங்கு இல்லத்து மேசையில், யார் வேண்டுமானாலும் எடுத்துச் செல்லும்படி வைத்தேன். வெள்ளிக்கிழமை பார்த்தபோது அது அங்கே இல்லை.